எச்சில், விஷம், கட்டி: ஒரு நரம்பின் தலபுராணம்

"நீ பெரியவனா, நான் பெரியவனா" என்று பிரம்மாவும் விஷ்ணுவும் சண்டை போட்டதில் கிடைத்த ஊர் எங்கள் திருவண்ணாமலை. நடுவே நெருப்புத் தூணாக எழுந்து நின்றார் சிவன். அடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருவர் பன்றியாகி மண்ணைக் குடைந்தார். முடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மற்றவர் அன்னமாகிப் பறந்தார். பன்றி திரும்பி வந்து, "நம்மால ஆகாதுப்பா" என்று நேர்மையாக ஒப்புக்கொண்டது. அன்னமோ, மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்த ஒரு தாழம்பூவைப் பிடித்துப் பொய்ச்சாட்சிக்குத் தயார் செய்து கூட்டி வந்தது. தீர்ப்பு உடனே வந்தது. பிரம்மாவுக்குக் கோயில் கிடையாது, தாழம்பூவுக்குப் பூஜையில் இடம் கிடையாது. மேல்முறையீடும் கிடையாது.

இந்த வழக்கு ஒவ்வொரு கருவுக்குள்ளும் தினமும் நடக்கிறது. முதுகெலும்பின் ஓரத்தில் ஒரு நரம்பணு உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஆக்சான் என்ற மெல்லிய இழை கிளம்பி, காலின் அடியைத் தேடிப் போகிறது. வரைபடம் கிடையாது, வழிகேட்க ஆள் கிடையாது. அந்த இழையின் நுனி விரல்களை நீட்டித் துழாவுவதை 1890-லேயே ஸ்பெயின் நாட்டு சந்தியாகோ ரமோன் இ கஹால் கோழிக்கருவில் பார்த்துவிட்டார். சரி, அடியைத் தொட்டாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தொட்ட செய்தி தலைமையகத்துக்கு, அதாவது மரபணுக்கள் குடியிருக்கும் உட்கருவுக்கு, எப்படிப் போய்ச் சேருகிறது? போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? சாட்சி யார்?

இதற்குப் பதில் கண்டுபிடித்த கதைதான் கீழே வருவது. புராணத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் உண்டு: கொடுங்கோலர்கள், நாடு கடத்தல், பாம்பு, விஷம், எச்சில், கொஞ்சம் அநியாயம். மடி ஆசாரம் பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதல் ஆசாமி விக்டர் ஹாம்பர்கர். ஜெர்மனிக்காரர், கருவியல் மேதை ஹான்ஸ் ஸ்பீமானின் சீடர். ஓராண்டு உதவித்தொகையில் 1932-ல் அமெரிக்காவின் சிகாகோவுக்குப் போனார். போன இடத்தில் இருக்கும்போதே ஹிட்லர் ஆட்சிக்கு வந்து, யூதர்கள் அரசு வேலையில் இருக்கக்கூடாது என்று 1933-ல் சட்டம் போட்டார். ஃபிரைபர்கில் காத்திருந்த வேலை காலி. ஊருக்குத் திரும்ப வேண்டிய கவலை மிச்சம் என்று மனிதர் அங்கேயே உட்கார்ந்து கோழிக்கருவின் இறக்கை மொட்டை வெட்டி வெட்டிப் பார்த்தார். இறக்கை இல்லாத பக்கத்தில், அதற்குப் போக வேண்டிய நரம்பணுக் கூட்டம் சுருங்கிக் கிடந்தது. 1934-ல் அதற்கு ஒரு விளக்கமும் எழுதினார்: இறக்கையிலிருந்து ஏதோ ஓலை வருகிறது, அதைப் பார்த்துத்தான் உள்ளே இருக்கும் பச்சை அணுக்கள் நரம்பணுக்களாக வேலைக்குச் சேருகின்றன. இறக்கை இல்லை, ஓலை இல்லை, ஆள் எடுப்பு இல்லை.

அழகான விளக்கம். ஒரே ஒரு குறை, தப்பு.

தப்பைப் பிடித்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ரீட்டா லெவி-மொன்டால்சினி. 1909-ல் பிறந்தவர். பெண்ணுக்குக் கல்லூரிப் படிப்பு எதற்கு, கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் இடைஞ்சல் என்று சொன்ன அப்பா அவருக்கும் வாய்த்திருந்தார். இந்த வசனம் டூரினில் தோன்றி எங்கள் ஊருக்கு வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா என்பது தனி ஆராய்ச்சி. எப்படியோ அப்பாவை மசிய வைத்து 1936-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1938-ல் முசோலினி இனச் சட்டம் கொண்டுவந்தார். யூதப் பெண்ணுக்கு ஆய்வகம் கிடையாது, நோயாளி பார்க்கக் கூடாது, கட்டுரை வெளியிடக் கூடாது.

வேறு யாராக இருந்தாலும் ஸ்வெட்டர் பின்னப் போயிருப்பார்கள். ரீட்டா படுக்கையறையை ஆய்வகமாக்கினார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தி, கடிகாரக்காரர் வைத்திருக்கும் சின்னக் குறடு, கண் மருத்துவர் கத்தரிக்கோல், ஒரு குட்டி அடைகாப்புப் பெட்டி, ஒரு நுண்ணோக்கி. அவ்வளவுதான். அவரை வேலையை விட்டுத் துரத்திய அதே சட்டத்தால் வேலை போன அவருடைய பேராசிரியர் ஜூசெப்பே லெவியும் அந்த அறைக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார். வாட்டசாட்டமான மனிதர், குரல் அதைவிடப் பெரியது. குருவே எடுபிடியாக வந்த கதை நம் புராணங்களிலேயே குறைவு.

டூரின்மேல் குண்டு விழத் தொடங்கியதும் குடும்பத்தோடு அஸ்தி நகரத்துக்குப் பக்கத்து மலைக்கிராமத்துக்குப் போனார். அங்கே சைக்கிளில் பண்ணை பண்ணையாகச் சுற்றி முட்டை கேட்டார். சாதா முட்டை உதவாது, சேவல் சேர்ந்த முட்டைதான் வேண்டும். "குழந்தைகளுக்கு, ரொம்ப சத்து" என்று சொல்லி வாங்கியிருக்கிறார். குழந்தை யாரும் கிடையாது. கருவை எடுத்துக்கொண்டபிறகு மிச்சமிருந்த மஞ்சள் கரு நேராகச் சமையலறைக்குப் போய் ஆம்லெட் ஆனது. போர்க்காலப் பஞ்சத்தில் உலகத் தரமான ஆராய்ச்சியின் கழிவைத் தின்று ஒரு குடும்பம் வளர்ந்தது.

இந்த முட்டைகளில்தான் ஹாம்பர்கரின் வெட்டை ரீட்டா மறுபடி வெட்டிப் பார்த்தார். ஒரே ஒரு வித்தியாசம், இவர் கடைசியில் மட்டும் எட்டிப் பார்க்காமல், ஒவ்வொரு நாளும் பார்த்தார். நரம்பணுக்கள் ஒழுங்காகப் பிறக்கின்றன. ஒழுங்காக இழை விடுகின்றன. போகிற இடத்தில் இறக்கை இல்லை என்றதும் செத்துவிடுகின்றன. ஹாம்பர்கர் சொன்னது ஆள் எடுப்பு. ரீட்டா பார்த்தது பட்டினிச் சாவு. இத்தாலியப் பத்திரிகைகள் யூதப் பெயரை அச்சிடாது என்பதால் கட்டுரை 1942-ல் பெல்ஜியத்தில் வெளியானது. மடத்தனமான சட்டத்தால் இத்தாலி தானே தன் கட்டுரையை ஏற்றுமதி செய்தது.

போர் முடிந்து, கட்டுரையை ஹாம்பர்கர் படித்தார். "நான் சொன்னதை மறுக்கிற நீ யார்?" என்று அவர் கேட்கவில்லை. "இங்கே வா, சேர்ந்து பார்ப்போம்" என்று அழைத்தார். நம் பல்கலைக்கழக வளாகங்களில் இதை அதிசயம் என்ற தலைப்பின்கீழ்ப் பதிவு செய்வார்கள். 1947-ல் ரீட்டா செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒரு செமஸ்டருக்கு என்று போனவர், இருபது வருஷத்துக்கும் மேல் இருந்துவிட்டார்.

இனிமேல்தான் கதை அசுத்தமாகிறது.

ஹாம்பர்கரின் பழைய மாணவர் எல்மர் பியூக்கர், எலியின் சார்கோமா என்ற புற்றுக்கட்டியில் ஒரு துண்டை எடுத்துக் கோழிக்கருவில் ஒட்டிப் பார்த்தார். 1948-ல் அவர் எழுதியது: நரம்பிழைகள் ஆசை ஆசையாகக் கட்டிக்குள் நுழைகின்றன. ரீட்டா அதைத் தானும் செய்து பார்த்து மிரண்டு போனார். இழைகள் கட்டிக்குள் மட்டுமல்ல, ரத்தக் குழாய்க்குள்ளும் புகுந்து கிடந்தன. ஒழுக்கமான கோழிக்கரு எதிலும் இப்படி நடப்பதில்லை. கட்டியைக் கருவோடு ஒட்டாமல், முட்டைக்குள் வெளிச்சவ்வின்மேல் தள்ளி வைத்தார். அப்போதும் அதே ஆட்டம். அப்படியானால் கட்டி எதையோ கசிய விடுகிறது. அந்தக் கசிவுதான் ஓலை.

கசிவைப் பிடிக்க வேண்டும் என்றால் கண்ணாடித் தட்டில் நரம்பை வளர்க்க வேண்டும். அந்த வித்தை கைவசம் இருந்த தோழி ஹெர்தா மெயர் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இருந்தார். 1952-ல் ரீட்டா விமானம் ஏறினார், கட்டி வந்த இரண்டு எலிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு. இன்று அந்த எலிகளோடு மீனம்பாக்கத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரியோவில் கோழிக்கருவின் நரம்பு முடிச்சு ஒன்றின் பக்கத்தில் கட்டித் துண்டை வைத்தார். 24 மணி நேரத்துக்குள் முடிச்சைச் சுற்றி எல்லாத் திசையிலும் இழைகள் கதிர்க் கதிராக நீண்டு நின்றன. நடுவில் கறுப்பு உருண்டை, சுற்றிலும் ஒளிவட்டம். ஹாம்பர்கருக்கு அதைப் படமாக வரைந்தே கடிதத்தில் அனுப்பினார். அதே சமயம் ஒரு தொல்லையும் வந்தது. ஒப்பீட்டுக்காகக் கட்டியே இல்லாத எலித் திசுவை வைத்துப் பார்த்தால் அதற்கும் கொஞ்சம் ஒளிவட்டம் வந்தது. கெட்டவனிடம் மட்டும் இருப்பதாக நினைத்த சரக்கு நல்லவன் வீட்டிலும் இருந்தது. ரீட்டாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அதுதான் உண்மை.

செயின்ட் லூயிஸில் 1953-ல் வந்து சேர்ந்தார் ஸ்டான்லி கோஹன். உயிர்வேதியியல் ஆள். நரம்பைப் பற்றி எதுவும் தெரியாது, குழல் வாசிப்பார், பைப் பிடிப்பார், கூடவே ஒரு நாய் வரும். கசிவு எந்த வகைப் பொருள் என்று பார்ப்பது அவர் வேலை. புரதமா, நியூக்ளிக் அமிலமா? அங்கேயே இருந்த ஆர்தர் கோர்ன்பர்க் ஒரு யோசனை சொன்னார்: பாம்பு விஷத்தில் நியூக்ளிக் அமிலத்தை அறுக்கும் நொதி இருக்கிறது, அதைச் சேர்த்துப் பார், சரக்கு வேலை செய்வதை நிறுத்தினால் நியூக்ளிக் அமிலம், நிறுத்தாவிட்டால் புரதம். மொக்கசின் என்ற அமெரிக்க விரியனின் விஷம் வந்தது. சேர்த்தார்கள். ஒளிவட்டம் குறையவில்லை. தறிகெட்டுப் பெருகிவிட்டது. விஷத்தை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தார்கள், இன்னும் பெரிதாக வந்தது. அறுக்க வந்த கத்தியே தேடிய பொருளைத் தடவிக்கொண்டு வந்திருந்தது. கட்டியில் இருந்ததைவிட விஷத்தில் இந்தச் சரக்கு ஆயிரக்கணக்கான மடங்கு வீரியமாக இருந்தது. 1956-ல் இருவரும் சேர்ந்து கட்டுரை போட்டார்கள்.

அவர்களுக்கு விஷம் புட்டியில், தபாலில் வந்தது. எங்கள் பக்கத்தில் அது இருளர் கையில் வரும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப்பின் பாம்புத் தோல் வியாபாரம் நின்றுபோய், பிழைப்பு இல்லாமல் நின்றவர்கள் அவர்கள். 1978-ல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பியலாளர் ராமுலஸ் விட்டேகர் கூட நின்று உதவினார். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகை. பிடித்து வந்த பாம்பை மணல் போட்ட மண்பானையில் விட்டுத் துணியால் வாயைக் கட்டி வைத்திருப்பார்கள். எடுக்கும்போது தலைக்குப் பின்னால் இரண்டு விரல், கண்ணாடிக் குடுவையின் மேல் இழுத்துக் கட்டிய தோல், அதில் பல்லைப் பதிக்க வைத்தால் மஞ்சளாகச் சில சொட்டு இறங்கும். சில வாரம் வைத்து எடுத்துவிட்டுப் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்தச் சொட்டு உலர்ந்து பொடியாகி, குதிரைக்கு ஏறி, விஷமுறிவு மருந்தாக நம் ஆஸ்பத்திரிக்கு வருகிறது. பாம்பு பிடிப்பதில் உலகம் சுற்றிய மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாகப்பாம்பின் விஷத்திலும் நரம்பு வளர்க்கும் அதே புரதம் இருக்கிறது. 1976-ல் அதைப் பிரித்தெடுத்து அமினோ அமில வரிசையில் ஒரு பகுதியைப் படித்துவிட்டார்கள். ஆகவே, வடநெம்மேலிப் பானைகளுக்குள் சாவும் நரம்பு வளர்ச்சியும் ஒரே சொட்டில் சுருண்டு கிடக்கின்றன.

கோஹன் அடுத்துக் கேட்ட கேள்விதான் என்னைப் பொறுத்தவரை இந்தப் புராணத்தின் உச்சக்கட்டம். பாம்புக்கு விஷப்பை எங்கிருந்து வந்தது? அது உமிழ்நீர்ச் சுரப்பியின் மாறுவேஷம். அப்படியென்றால் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் என்ன இருக்கிறது? தாடைக்கு அடியிலிருந்து அதை எடுத்து அரைத்துப் பார்த்தார். கொட்டிக் கிடந்தது. அதிலும் வயதுக்கு வந்த ஆண் எலியின் எச்சிலில்தான் அதிகம். பெண் எலிக்கு இந்தப் பெருமையில் பங்கு குறைவு. புற்றுக்கட்டியில் தேடி, விஷத்தில் தடுமாறி, கடைசியில் ஆண் எலியின் எச்சிலில் வந்து நின்றது நவீன நரம்பியல்.

எங்கள் அத்தை ஒருத்தர் இருக்கிறார். டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் அந்த டம்ளரை வெயிலில் காய வைக்கும் வகை. அவரிடம் இதைச் சொன்னேன்.

"எலியோட எச்சிலாடா?"

"ஆமாம் அத்தை. அதுக்குத்தான் நோபல் பரிசே குடுத்தாங்க."

"கை கழுவிட்டுத்தானே வாங்கினாங்க?"

அத்தைக்கு நான் கண்ணப்ப நாயனாரை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. வேடன் திண்ணன், காளத்தி மலையில் சிவனைப் பார்த்து உருகி, வாயில் தண்ணீரை மொண்டு வந்து உமிழ்ந்து அபிஷேகம் செய்தவர். கறியைக் கடித்துப் பார்த்து, பதமாக இருப்பதை மட்டும் படைத்தவர். மறுநாள் காலையில் பூஜை செய்ய வந்த சிவகோசரியார் எலும்பையும் கறியையும் பார்த்துப் பதறியது, புதுக் கண்டுபிடிப்பைப் பார்த்துப் பதறும் எல்லாப் பெரிய மனிதர்களுக்கும் பொருந்தும். சாமிக்கு ஆட்சேபணை இல்லாத எச்சில் அறிவியலுக்கு மட்டும் ஆகாதா? அத்தை ஒரு நிமிஷம் யோசித்தார். "அது பக்தி. இது ஆராய்ச்சி" என்று எழுந்து போய்விட்டார். இதற்கு மேல் வாதம் செய்ய எந்த ஆதீனத்தாலும் முடியாது.

எச்சிலில் இன்னொன்றும் இருந்தது. சுரப்பிச் சாற்றை எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டபோது, வழக்கமாகப் பன்னிரண்டு பதினாலு நாளில் கண் திறக்க வேண்டிய குஞ்சுகள் ஏழே நாளில் கண்ணைத் திறந்து பேந்தப் பேந்த விழித்தன. பல்லும் சீக்கிரம் முளைத்தது. இது நரம்பின் வேலை இல்லை, வேறு ஒரு காரணி என்று கோஹன் பிடித்துக்கொண்டார். அதுதான் மேல்தோல் வளர்ச்சிக் காரணி. ஆனால் விலங்கியல் துறையில் வேதியியல்காரருக்கு நிரந்தர இடம் கொடுக்க வழியில்லை என்று 1959-ல் அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. பிற்பாடு நோபல் வாங்கப்போகிறவரை எந்தப் பட்ஜெட் தலைப்பில் காட்டுவது என்று தெரியாமல் அனுப்பிவிட்டார்கள். நிதிப்பிரிவு எழுத்தர் எல்லா ஊரிலும் ஒருவர்தான்.

இனி மரபணுக்கள். இதுவரை வந்தவர்கள் சரக்கைப் பிடித்தார்கள், நரம்பு வளர்ச்சிக் காரணி என்று அதற்குப் பெயர். 1971-ல் அது 118 அமினோ அமிலம் கொண்ட புரதச் சங்கிலி என்றும் படித்தாயிற்று, இரண்டு சங்கிலி ஜோடியாக உலவும் என்றும் தெரிந்தது. ஆனால் காலடியில் இருக்கும் ஒரு புரதம், எங்கோ முதுகில் இருக்கும் உட்கருவுக்குள் எந்த மரபணு பேச வேண்டும், எது வாய் மூட வேண்டும் என்று எப்படி ஆணையிடுகிறது?

இங்கேயும் வழிகாட்டியது கட்டிதான். 1976-ல் லாயிட் கிரீனும் ஆர்தர் டிஷ்லரும் எலியின் அட்ரீனல் சுரப்பிக் கட்டியிலிருந்து பி.சி.12 என்ற அணு வரிசையை உருவாக்கினார்கள். சும்மா விட்டால் கட்டி அணுக்களாகப் பெருகிக்கொண்டே இருக்கும். நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் பெருகுவதை நிறுத்தி, இழை விட்டு, நரம்பணுக்கள் மாதிரி சாதுவாக உட்கார்ந்துவிடும். ஊர்ப் போக்கிரியைத் திருத்திக் கோயில் திருப்பணிக் கமிட்டியில் போட்ட மாதிரி. 1985-ல் மைக்கேல் கிரீன்பர்க், கிரீன், எட்வர்ட் சிஃப் மூவரும் அந்த அணுக்களில் காரணியைச் சேர்த்து நிமிஷக் கணக்கில் பார்த்தார்கள். சில நிமிஷங்களிலேயே சி-ஃபாஸ் என்ற மரபணு விழித்து ஆர்.என்.ஏ. படி எடுக்கத் தொடங்கியது. அரை மணிக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு வந்த வேகத்திலேயே அடங்கியது. அது எழுதும் புரதம் மற்ற மரபணுக்களின் வாசலில் போய் உட்கார்ந்து, அவற்றை மணிக்கணக்கில், நாள்கணக்கில் பேச வைக்கிறது. இழைக்கு வேண்டிய எலும்புக்கூட்டுப் புரதங்களும், செய்தி கடத்தும் சாமான்களும் அந்த இரண்டாம் சுற்றில் வருகின்றன. சி-ஃபாஸை முதலில் எங்கே பார்த்தார்கள் என்கிறீர்களா? எலிக்கு எலும்புப் புற்று வரவைக்கும் ஒரு வைரஸில்.

வாசலில் ஓலையை வாங்கும் ஆள் யார்? 1986-ல் மரியானோ பார்பசித்தும் கூட்டாளிகளும் மனிதனின் பெருங்குடல் புற்றுக்கட்டியில் வேலை கெட்டுப்போன ஒரு மரபணுவை விவரித்து டிரக் என்று பெயர் வைத்தார்கள். 1991-ல்தான் தெரிந்தது, அதன் கெடாத வடிவம் நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு ஏற்பி என்று. எச்சிலுக்கு வந்த ஜோடி குடலில் இருந்தது. என்ன பொருத்தம் பார்த்தார்களோ.

வேலை நடக்கும் விதம் இது. ஆக்சானின் நுனியில் காரணி ஜோடி வந்து இரண்டு டிரக் ஏற்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. சேர்ந்த ஏற்பிகள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் முத்திரை குத்திக்கொள்கின்றன. முத்திரை விழுந்த ஏற்பி, காரணியைப் பிடித்த பிடி விடாமல், அப்படியே ஒரு குட்டிப் பைக்குள் உறிஞ்சப்படுகிறது. டைனீன் என்ற சுமைகூலிப் புரதம் அந்தப் பையை முதுகில் போட்டுக்கொண்டு நுண்குழல் தண்டவாளத்தில் உட்கருவை நோக்கி நடக்கிறது. வேகம், மணிக்குச் சில மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் என்று தாராளமாக வைத்தாலும், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை முடிக்க 300 வருஷத்துக்குமேல் பிடிக்கும். ஔரங்கசீப் காலத்தில் இந்திரலிங்கத்தில் கற்பூரம் ஏற்றிக் கிளம்பியவர் இப்போதுதான் ஈசான்ய லிங்கம் பக்கம் வந்துகொண்டிருப்பார். நல்லவேளை, கருவில் தூரம் குறைவு.

பை வந்து சேர்ந்ததும், ராஸ், ராஃப், மெக், எர்க் என்று முத்திரை கை மாறி மாறிப் போய், டி.என்.ஏ.மேலேயே குந்தியிருக்கும் கிரெப் என்ற புரதத்தின் 133-ஆவது இடத்து சீரினில் விழுகிறது. விழுந்தவுடன் கிரெப் வாயைத் திறக்கிறது, பி.சி.எல்-2 போன்ற உயிர்காக்கும் மரபணுக்கள் பேசத் தொடங்குகின்றன. 1997-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் கின்டியின் குழு இதைக் காட்டியது: காரணியை ஆக்சான் நுனிக்கு மட்டும் கொடுத்தாலும் தொலைவில் உட்கருவுக்குள் கிரெப்பில் முத்திரை விழுகிறது. அன்னத்தின் வழக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பிரம்மா கூட்டி வந்த சாட்சி, பாதி வழியில் சிக்கிய பூ. இங்கே சாட்சி, அடியில் இருந்த பொருளையே கையில் இறுக்கிப் பிடித்தபடி ஆஜராகிறது. பொய் சொல்ல வழியே இல்லை.

ஒரு வேடிக்கை பாக்கி. கோஹனின் மேல்தோல் காரணியைப் பி.சி.12-க்குக் கொடுத்தாலும் அதே சி-ஃபாஸ் விழிக்கிறது, அதே ராஸ்-எர்க் வரிசை ஓடுகிறது. ஆனால் அணு நரம்பாக மாறுவதில்லை, பெருகிக்கொண்டே இருக்கிறது. ஒரே தபால், ஒரே தபால்காரர், வேறு முடிவு. காரணம் கால அளவுதான். மேல்தோல் காரணி எர்க்கைச் சில நிமிஷம் தட்டி எழுப்பிவிட்டுப் போய்விடுகிறது. நரம்புக் காரணி மணிக்கணக்கில் விடாமல் நச்சரிக்கிறது. அவ்வளவு நேரம் நச்சரித்தால்தான் இரண்டாம் சுற்று மரபணுக்கள் அசைகின்றன. தாசில்தார் அலுவலகம் போய் வந்தவர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஓலை வராத நரம்பணுவின் கதி என்ன? கருவில் பல இடங்களில் தேவைக்கு மேல், சில இடத்தில் இரு மடங்குவரைகூட, நரம்பணுக்கள் பிறக்கின்றன. காரணி இருப்பதோ கொஞ்சம். கிடைத்தவை பிழைக்கும், கிடைக்காதவை போய்ச் சேரும். பட்டினி கிடந்தால் தானாகச் சாகும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1988-ல் அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஜான்சனின் குழு காரணியைப் பறித்துவிட்டு, கூடவே ஆர்.என்.ஏ. எழுதுவதையும் புரதம் செய்வதையும் மருந்து போட்டு நிறுத்தியது. இரட்டைப் பட்டினி. சீக்கிரம் சாக வேண்டியது தானே? நரம்பணுக்கள் பிழைத்துக்கொண்டன! சாவதற்கும் புதிதாகச் சில மரபணுக்கள் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. எமனுக்குக்கூட உள்ளே ஓர் ஆபீஸ் உண்டு, அங்கே கோப்பு நகர்ந்தால்தான் கயிறு விழும். காரணியிலிருந்து வரும் செய்தி செய்வது, அந்த ஆபீஸைப் பூட்டி வைப்பது.

1986-ல் நோபல் பரிசு ரீட்டாவுக்கும் கோஹனுக்கும் கிடைத்தது. மூன்று பேர் வரை பகிரலாம் என்ற விதி இருந்தும், ஆட்டத்தை ஆரம்பித்து, தன்னை மறுத்தவளை அழைத்து வந்து மேசை கொடுத்த ஹாம்பர்கரின் பெயர் இல்லை. இதைச் சரி என்று சொல்லும் ஒரு வாதத்தையும் நான் நம்பியதில்லை. அவர் நூறு வயதைத் தாண்டி 2001-ல் காலமானார். ரீட்டா 103 வயதுவரை இருந்து 2012-ல் போனார். இடையில் 2001-ல் இத்தாலி அவரை ஆயுள்கால செனட்டர் ஆக்கியது. தொண்ணூறுகளின் பிற்பகுதி வயதில் வந்து அரசுக்கு ஆதரவாக அவர் வாக்களித்தபோது, எதிர்க்கட்சி அரசியல்வாதி ஒருவர் அவருக்கு ஊன்றுகோல் அனுப்பிவைப்பதாகக் கிண்டல் செய்தார். முசோலினியையே பார்த்துவிட்ட அம்மாள் அதற்கெல்லாம் அசரவில்லை, அடுத்த வாக்கெடுப்புக்கும் வந்தார்.

புரதத்தின் மார்க்கெட் வாழ்க்கை ஏற்ற இறக்கமானது. 2006-ல் இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில், புதுசாகக் காதலில் விழுந்தவர்களின் ரத்தத்தில் இந்தக் காரணி அதிகம் இருப்பதாகவும், அதே ஜோடிகளை ஓரிரு வருஷம் கழித்துச் சோதித்தால் அளவு பழையபடி இறங்கிவிடுவதாகவும் எழுதினார்கள். கல்யாண மண்டபக்காரர்கள் இதைப் படிக்காமல் இருப்பது நல்லது. வலியைக் கடத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு என்பதால், மூட்டுவலிக்கு அதையே மறிக்கும் ஊசி மருந்து ஒன்றைத் தயாரித்தார்கள். சிலருக்கு மூட்டே வேகமாகக் கெட்டது, 2021-ல் அமெரிக்க ஆலோசனைக் குழு வேண்டாம் என்றது. உருப்படியாகக் கரையேறியது கண்ணில்தான். கருவிழியின் நரம்பு செத்து, புண் ஆறாமல் பார்வை போகும் ஒரு நோய்க்கு, இந்தக் காரணியையே சொட்டு மருந்தாக்கிய செனெஜெர்மின் 2017-ல் ஐரோப்பாவிலும் 2018-ல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு, நாளுக்கு ஆறு, மொத்தம் எட்டு வாரம். ஆசாரக்காரர்கள் தைரியமாக விட்டுக்கொள்ளலாம், அதில் எலியும் இல்லை, எச்சிலும் இல்லை. ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் வளர்த்து எடுப்பதுதான்.